வசன டப்பாவில் ஒரு கிழவர்

“எலும்புக்கூடு குதிர மேல குந்திகினு வருது. அதப் போய் தலகாணிக்கு அடியில வெச்சிகினு படுத்திருக்கிறியே, உனக்குத் தூக்கம் எப்படிடி வருது?”

“நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்தா எதை வெச்சிகினு படுத்தாலும் தூக்கம் வரும். குடும்மா இங்க. மடங்கிடப்போவுது.”

“மடங்கட்டும். எரியப்போற அட்டை மடங்குனா இன்னா, நிமிந்தா இன்னா?”

இதைக் கேட்க நான் எங்கேயும் ஒளிந்து நிற்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் லைன் வீடுகளில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் மெர்சி வெங்காயம் தாளித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். அப்படியிருக்க, தாயும் மகளும் தொண்டை கிழியக் கத்தும்போது காதைப் பொத்திக்கொள்வது அவர்களுக்கு நான் செய்யும் அவமரியாதை. எனவே அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டுகிற சாக்கில் வாசலுக்கு வந்து நின்றேன்.

மெர்சி, கணவர் போன பிறகு ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கி மகளை டிப்ளமோ வரை படிக்க வைத்தவள். அவள் சபையில் அவளைவிடச் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்ல ஆள் கிடையாது. மகள் ஏஞ்சலுக்குக் கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ரப்பர் வளையங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருப்பதைச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். நாள் முழுவதும் உற்றுப் பார்ப்பதற்குச் சம்பளம். அதே வேலையை நான் சம்பளமில்லாமல் செய்கிறேன்.

மெர்சியின் கையில் இருந்தது டாரட் கார்டு. சீட்டுக்கட்டு மாதிரிதான், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு படம். வாள், கோப்பை, கழி, காசு என்று நாலு வகை. அதுபோக ராஜா, ராணி, நிலா, சூரியன், கோபுரம், மெர்சி பார்த்து அலறிய அந்த எலும்புக்கூடு.

“ஞாயித்துக்கெழம அந்தம்மா பொண்ணு பாக்க வருது. இதப் பாத்தா மந்திரவாதி ஊடுன்னு வாசலோட திரும்பிடும். உனக்கு அந்தப் பையன் வேணுமா, இந்த எலும்புக்கூடு வேணுமா?”

ஏஞ்சலுக்கு அந்தப் பையன் வேண்டும் என்பது லைன் முழுக்கத் தெரியும். முதலில் தெரிந்துகொண்டது நான்.

பையன் பெயர் பாக்கியராஜ். அதே கம்பெனி, அதே பஸ். கவரைப்பேட்டையில் ஏறுகிறவன், தன் பக்கத்து சீட்டில் டிபன் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்து வைப்பான். அவள் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். அவ்வளவுதான். மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஜன்னலுக்கு வெளியே புதிதாக இரண்டு கம்பெனி வந்தது. பையன் வாயைத் திறக்கவில்லை. இவன் எப்போதாவது பேசுவானா என்று தெரிந்துகொள்ளத்தான் ஏஞ்சல் அந்த அட்டைகளை ஆன்லைனில் வரவழைத்தாள். கூரியர் வந்தபோது அவர்கள் வீடு பூட்டியிருந்ததால் என்னிடம் கொடுத்தார்கள். நான் பிரிக்கவில்லை. அமுக்கிப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன். அதற்கு மேல் எதுவும் செய்யாத ஆள் நான்.

அவள் கற்றுக்கொண்ட விதம் எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. காலையில் ஒரே ஒரு அட்டை. அதை டிபன் பாக்ஸ் மேல் சாய்த்து வைத்துவிட்டு, கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தைத் திறக்காமல், படத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லிப் பார்ப்பாள். “ஒருத்தன் கையில கோப்பை. கோப்பைக்குள்ளருந்து மீன் எட்டிப் பாக்குது. அவன் பயப்படல.” இப்படி. யாரோ ஒரு பெண்மணி வீடியோவில் சொல்லிக் கொடுத்த முறையாம். சாயங்காலம், அன்றைக்கு நடந்ததையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாளாம். கிளியும் இல்லாமல் கூண்டும் இல்லாமல் இது என்ன ஜோசியம் என்று கேட்டேன். ஜோசியம் இல்லைக்கா என்றாள். எனக்கு அது வியாபாரத் தந்திரம் என்றுதான் பட்டது.

பாக்கியராஜ் பேசுவானா, பேசுவானா என்று கேட்டுக் கேட்டு அட்டையைக் கலைத்திருக்கிறாள். ஒரு நாள் சூரியன் வரும், மறுநாள் இடிந்த கோபுரம் வரும். குழம்பிப்போனாள். வீடியோப் பெண்மணியோ, அடுத்தவர் என்ன செய்வார் என்று அட்டையிடம் கேட்காதே, நீ என்ன செய்யலாம் என்று கேள் என்றிருக்கிறாள். கேட்டபோது வந்தது, ஒரு பெண் சிங்கத்தின் வாயைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். ஏஞ்சல் அதை வெகுநேரம் பார்த்தாள். மறுநாள் பஸ்ஸில், “நீங்க பேசப்போறீங்களா, இல்ல நான் பேசட்டுமா?” என்று கேட்டுவிட்டாள். பையன் டிபன் பையைத் தவறவிட்டதில் டிரைவர் சீட் வரை சாம்பார் ஓடியதாகக் கேள்வி. அன்றைக்கே தன் அம்மாவிடம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டான். அந்த இடத்தில்தான் நான் கிண்டலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் அவளும் சறுக்கினாள். என் வீட்டுக்கு மறுபக்கம் இருந்த முத்தம்மா, எனக்கும் ஒண்ணு எடு என்று வந்து உட்கார்ந்தாள். வந்தது, ஒரு சிவப்பு இதயத்தில் மூன்று வாள் குத்தியிருக்கும் படம். ஏஞ்சல் புத்தகத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தாள்: பெரிய துக்கம், நம்பிக்கைத் துரோகம், பிரிவு. சொல்லச் சொல்ல அவளுக்கே முகம் வெளுத்துவிட்டது. முத்தம்மா அட்டையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, “இது எங்க ஊட்டுக்காரருக்கு வெச்ச ஸ்டென்ட்டு. மூணு வெச்சாங்க. கரெக்டா போட்டிருக்கிறான் பாரு” என்றாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்த அன்றைக்கு எப்படி இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்த ஆஸ்பத்திரிக் கதையை முத்தம்மா எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பில், சாப்பாடு, நர்ஸின் சிடுசிடுப்பு எல்லாம் வரும். பயந்தேன் என்பது மட்டும் ஒரு தடவையும் வந்ததில்லை.

அதற்குப் பிறகு ஏஞ்சல் யாருக்கும் புத்தகத்தை ஒப்பிக்கவில்லை. அட்டையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, “இதுல இன்னா தெரியுது உங்களுக்கு?” என்று கேட்பாள். வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாள். காத்திருப்பது இருக்கிறதே, அதுதான் எனக்கு வராத வித்தை. மெர்சி கேன்டீனுக்குப் போன நேரம் பார்த்து லைன் பெண்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

இத்தனையும் மெர்சிக்குத் தெரியாமல் நடந்து, பொங்கல் முடிந்த வாரம் தலையணை உறை மாற்றும்போது பிடிபட்டது.

ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சலோமி. பாக்கியராஜின் தாய். அங்கன்வாடியில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். தனியாளாக ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவர். மகனுக்கு இதுவரை வந்த பெண்களையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்திருக்கிறார். ஒருத்திக்குக் குரல் சரியில்லை, ஒருத்தி வீட்டில் டீ ஆறிப்போயிருந்தது, இன்னொருத்தி வீடு பஸ் ஸ்டாண்டுக்கு ரொம்பக் கிட்டே. கவரைப்பேட்டையில் எனக்கு ஒரு நாத்தனார் இருப்பதால் இந்தத் தகவல்களில் பிழை இருக்காது. டீ ஆறியதற்கே பெண் வேண்டாம் என்றவர் எலும்புக்கூட்டைப் பார்த்தால் என்ன சொல்வார்? மெர்சியின் பயம் நியாயமானது.

அட்டைக்கட்டு மெர்சியின் கையோடு போனது. அன்று சாயங்காலம் ஏஞ்சல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனாள். நான் அவர்கள் அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் கொடியில் காயாத துணியை எடுக்கப் போனேன். அடுப்படித் தரையில் மெர்சி தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அட்டைகள் இரண்டு குவியலாகக் கிடந்தன.

“நர்மதாக்கா, இங்க வாயேன்” என்றாள். “இதுல ரெக்கை இருக்குது பாரு. தேவதூதர் எக்காளம் ஊதுறாரு. கல்லறைலருந்து ஜனங்க எழும்புறாங்க. இத எப்படிக்கா எரிக்கிறது?”

எரிக்க முடியாதுதான். ஆகவே அவள் பிரிக்க ஆரம்பித்திருந்தாள். கடவுளுடையது ஒரு பக்கம், சாத்தானுடையது ஒரு பக்கம். இரண்டு ஜாடியில் தண்ணீர் ஊற்றும் தேவதூதர், கடவுள் பக்கம். சிங்கத்தைப் பிடித்த பெண், விசுவாசி, கடவுள் பக்கம். மலை உச்சியில் விளக்கோடு நிற்கும் தாடிக் கிழவர், தீர்க்கதரிசி, சந்தேகமே இல்லை. கொம்பு வைத்தவனும் எலும்புக்கூடும் சாத்தான் பக்கம். ஒரு அட்டையில் ஆணும் பெண்ணும் துணியில்லாமல் நிற்க, மேலே தேவதூதர் கையை விரித்திருந்தார். கீழ்ப் பாதியைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு மெர்சி நெடுநேரம் யோசித்தாள். மேல் பாதிக்காக அது தப்பித்தது. கிரீடம் வைத்து இரண்டு விரலைத் தூக்கி ஆசீர்வதிக்கிற ஒருவர் வந்தபோதுதான் சிக்கல்.

“இவரு கத்தோலிக்கக்காரங்க ஆளு மாதிரி இருக்கிறாரு. அடுத்த சபைக்காரங்க பொருள நாம எரிக்கக்கூடாதுக்கா.”

அவருக்கு மூன்றாவதாக ஒரு குவியல் போட்டாள். இப்படிப் பார்த்துப் பார்த்துப் பிரித்ததில் எரிக்க வேண்டியது ஒரு கை அளவுகூடத் தேறவில்லை. அதையும் எரித்தால் பிளாஸ்டிக் நாற்றம் வரும் என்று கிறிஸ்துமஸ் ஸ்டார் வைக்கும் அட்டைப்பெட்டிக்குள் போட்டு பீரோ மேல் ஏற்றிவிட்டாள். கடவுள் பக்கம் வந்தவற்றை எங்கே வைப்பது? படுத்த இடத்தில் வைக்க முடியாது, குப்பையிலும் போட முடியாது. டிவி மேல் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள்.

அந்த டப்பா என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். வருஷப் பிறப்பு ராத்திரி சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். சின்னச் சின்ன அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அந்த வருஷத்துக்கு அதுதான் உங்களுக்குக் கிடைத்த வாக்கு. எடுத்தது எடுத்தவருக்குச் சொந்தம். மீந்த அட்டைகளை மெர்சி இந்த டப்பாவில் போட்டு வைத்து, ஜனவரி முழுக்க வீட்டுக்கு வருகிறவர்களிடம் நீட்டுவாள். எனக்கும் வருஷா வருஷம் ஒன்று கிடைக்கும். போன வருஷம் பொறுமையைப் பற்றி வந்தது. அதற்கு முந்தின வருஷம் நாவை அடக்குவது பற்றி. டப்பாவுக்கு என் மேல் ஏதோ கோபம்.

வசன அட்டைகளுக்கு அடியில் தேவதூதர்களையும் தீர்க்கதரிசியையும், கூடவே அந்த ஆசீர்வதிக்கிறவரையும் வைத்து மூடினாள். காலையில் ஏஞ்சல் வந்து கேட்டபோது, எரித்தாயிற்று என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் பெரிய சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். சத்தமே வரவில்லை. அந்தப் பெண் அழக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரை டிபன் பாக்ஸ் வெறும் டிபன் பாக்ஸாகவே இருந்தது.

சலோமி வந்தார். காட்டன் புடவை, தோளில் தோல் பை, பின்னாலேயே ஜன்னலைத் தேடும் கண்களோடு பாக்கியராஜ். பிளாஸ்டிக் நாற்காலிகள் என் வீட்டிலிருந்து போனவை. ஆகவே நாற்காலிகளைப் பார்த்துக்கொள்ள நானும் அங்கே இருந்தேன்.

டீ ஆறாமல் இருப்பதற்காக மெர்சி டம்ளரைக் கொதிக்கக் கொதிக்க நீட்டினாள். போண்டா தட்டை வைத்தாள். ஸ்தோத்திரம் சிஸ்டர், எடுத்துக்கோங்க சிஸ்டர் என்று மூச்சுக்கு மூச்சு சொன்னாள். சலோமி எதையும் தொடவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். குறை தேடும் கண்ணை எனக்குத் தெரியும். என் கண்ணும் அதே ஜாதி. அது டிவி மேல் போய் நின்றது.

“வசன டப்பாவா? இந்த வருஷம் ஒடம்பு சரியில்லன்னு எங்க சபைக்குப் போவ முடியல” என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார். மெர்சி போண்டாத் தட்டோடு குறுக்கே பாய்வதற்குள் டப்பாவைத் திறந்து, கண்ணை மூடி, கையை அடி வரைக்கும் விட்டுக் கலக்கி ஒன்றை எடுத்துவிட்டார்.

விளக்கோடு நிற்கும் தாடிக் கிழவர்.

சலோமி திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பூவேலை. வசனம் இல்லை. மறுபடி முன்பக்கம். நான் ஏஞ்சலைப் பார்த்தேன். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? எரிந்து போனது என்று நினைத்தது கண்ணெதிரே இருக்கிறது; அது இருக்கிற இடமோ வரப்போகிற மாமியாரின் கை. மெர்சி மகளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். சும்மா இரு, நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன் என்று அர்த்தம். பழைய காலண்டர் படம் என்று ஒரு பொய் அவள் தொண்டை வரை வந்துவிட்டது. நானே எடுத்துக் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

ஏஞ்சல் எழுந்து நின்றாள்.

“ஆன்ட்டி, அது வசனம் இல்ல. என்னோட கார்டு. டாரட்டுன்னு சொல்வாங்க. இப்பதான் கத்துகினு இருக்கிறேன். டப்பாவுல எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.”

“குறி சொல்றியா?”

“இல்ல ஆன்ட்டி. நாளைக்கு நடக்கறது எதுவும் எனக்குத் தெரியாது. படத்தப் பாத்து அவங்களே சொல்வாங்க. நான் கேட்டுகினு இருப்பேன்.”

“கேக்குறதுக்கு எதுக்குச் சீட்டு?”

“சும்மா கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.”

சலோமி அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்புவார் என்று நினைத்தேன். பாக்கியராஜும் அப்படித்தான் நினைத்திருப்பான், பாதி எழுந்துவிட்டான். ஏஞ்சல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, லைன் பெண்களிடம் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

“அதுல இன்னா தெரியுது உங்களுக்கு?”

சலோமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. சர்வீஸ் முழுக்க, படம் போட்ட சார்ட்டைக் காட்டி அவர் குழந்தைகளைக் கேட்ட கேள்வி அது. அவரிடம் யாரும் திருப்பிக் கேட்டதில்லை போலிருக்கிறது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஒரு கெழவரு. மல மேல நிக்கிறாரு. குளுரு. கையில விளக்கு.” அங்கன்வாடிக் குரல்தான். “கீழ பாக்கிறாரு. யாரோ ஏறி வர்றாங்களான்னு பாக்கிறாரு.”

ஏஞ்சல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நாக்கு துடித்தது. மெர்சிக்கும் துடித்திருக்கும். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை.

“இல்ல” என்றார் சலோமி, கொஞ்ச நேரம் கழித்து. “யாரும் வரல. எறங்கிப் போயிட்டாங்க. போறவங்களுக்கு வழி தெரியணும்னு விளக்கத் தூக்கிகினு நிக்கிறாரு.”

பிறகு மகனைப் பார்க்காமல், அட்டையைப் பார்த்தபடியே சொன்னார். பாக்கியராஜுக்கு ஓசூர் பிளான்ட்டுக்கு மாற்றல் வந்து மாதக்கணக்காகிறதாம். போகாதே என்று தடுத்து வைத்திருப்பது அவர்தானாம். “கல்யாணம் ஆனா கூட்டிகினு போயிடுவான். இவனுக்குப் பாத்த பொண்ணுங்க யாருகிட்டயும் ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் அந்த ஊட்டுல தனியா இருக்கப் பயம்.”

பாக்கியராஜ் உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மாவை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பவன் போல் பார்த்தான்.

நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். கவரைப்பேட்டை நாத்தனாரை வைத்துக்கொண்டு இத்தனை நாளாக நான் குரல், டீ, பஸ் ஸ்டாண்டு என்று துப்பறிந்துகொண்டிருந்தேன். நேற்றுக் கற்றுக்கொண்ட பெண், ஒரு படத்தைத் திருப்பி வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, அசல் விஷயத்தை வெளியே வரவழைத்துவிட்டாள். வம்பு பேசுவதில் எனக்கு இந்த லைனில் ஒரு மரியாதை இருந்தது. அன்றைக்கு அது இரண்டாம் இடத்துக்குப் போனது. எனக்கு வருத்தமில்லை.

ஏஞ்சல் அப்போதும் புத்தி சொல்லவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “அவரு கையில ஒரு கோலு கூட இருக்குது பாருங்க. நீங்க அதச் சொல்லவே இல்ல” என்றாள்.

சலோமி பார்த்தார். “ஆமா. நடக்கறதுக்கு” என்றார்.

அட்டையைத் தோல் பைக்குள் வைத்தார். “எடுத்தது எடுத்தவங்களுக்குத்தான?”

“ஆமா சிஸ்டர், உங்களுக்குத்தான்” என்றாள் மெர்சி, உயிர் திரும்பி வந்த குரலில்.

சலோமி ஒரு போண்டாவை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டார். இரண்டாவதை எடுக்கும்போது ஏஞ்சலைப் பார்த்து, “ஓசூரு குளுருமாமே. உன்கிட்ட ஸ்வெட்டர் இருக்குதா?” என்று கேட்டார்.

அவர்கள் போன பிறகு ஏஞ்சல் டப்பாவைத் தரையில் கவிழ்த்துத் தன் அட்டைகளைப் பொறுக்கினாள். எரித்ததாகச் சொன்னாயே என்று கேட்டாள். எரிக்கத்தான் இருந்தேன், அதற்குள் நர்மதாக்கா வந்துவிட்டாள் என்று மெர்சி என் தலையில் போட்டாள். பிறகு நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேலிருந்த சாத்தான் பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தாள். எலும்புக்கூட்டை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தாள்.

வைகாசியில் சபையில் கல்யாணம். பாக்கியராஜ் உறுதிமொழியை ஜன்னலைப் பார்க்காமல் சொன்னான். இருவரும் ஓசூருக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் ஏஞ்சலிடம் பெண்கள் வருகிறார்களாம். அவள் சீட்டுக்கட்டில் இன்றைக்கும் ஒரு அட்டை குறைவு; வேறு வாங்க மாட்டேன் என்கிறாளாம். முத்தம்மா, புருஷனோடும் மூன்று ஸ்டென்ட்டோடும் பள்ளிப்பட்டில் மகன் வீட்டுக்குக் குடிபோனாள். அந்த வீடு காலியான வாரமே, கவரைப்பேட்டை வீட்டைப் பூட்டிவிட்டுச் சாமான்களோடு வந்து இறங்கியவர் சலோமி. அவர் ஃபிரிட்ஜ் கதவில் அந்த விளக்குக் கிழவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது எனக்கு இந்தப் பக்கம் மெர்சி, அந்தப் பக்கம் சலோமி. சம்பந்திகள் இருவரும் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் என் வீட்டைத் தாண்டித்தான் கத்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒற்றைச் செங்கல்தான்.